ஏறும் நொடி, இறங்கும் நொடி: பின் இருக்கைக்கும் வேண்டும் பாதுகாப்பு

இருசக்கர வண்டி விபத்து என்றதும் நம் நினைவுக்கு வருவது வேகம்தான். ஆனால், நகரவே தொடங்காத வண்டியிலிருந்தும் ஆட்கள் விழுகிறார்கள். வீட்டு வாசலில், ரேஷன் கடை முன்னால், மருத்துவமனை வளாகத்தில் பின் இருக்கையில் ஏறும்போதோ இறங்கும்போதோ தடுமாறி விழுந்து, கையையோ இடுப்பையோ முறித்துக்கொண்டவர் ஒருவராவது நம் உறவிலோ தெருவிலோ இருப்பார். "வண்டி ஓடக்கூட இல்லைங்க, சும்மா ஏறும்போதே விழுந்துட்டாங்க" என்று வீட்டார் சொல்வதைக் கேட்டிருப்போம்.

வண்டி ஓட்டப் பழகுகிறோம், தேர்வு எழுதுகிறோம், உரிமம் வாங்குகிறோம். பின்னால் ஏறி உட்கார்ந்து இறங்குவதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. பின் இருக்கையில் ஏறுபவர்களில் முதியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், நோயாளிகள் பலர். ஓட்டுபவரைவிட உடல் பலம் குறைந்தவர்களை எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஏற்றி இறக்குகிறோம்.

ஏறுவதும் இறங்குவதும் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. அதற்கு வண்டி அசையாமல் நிற்க வேண்டும். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் பழக்கமாகிவிட்டால் பெரும்பாலான விழுதல்களைத் தடுத்துவிடலாம்.

நிற்கும் வண்டியிலிருந்து விழுந்தாலும் ஏன் ஆபத்து?

பைக்கின் பின் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பின்பக்கமாகச் சாய்ந்து விழுபவருக்குக் கையை ஊன்ற நேரம் கிடைக்காது. பின்மண்டை நேராகத் தரையில் மோதும். அடி பட்டது பின்மண்டையில் என்றாலும், மூளை மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் அசைந்து மோதுவதால், நெற்றிப் பக்கத்து மூளையிலும் காயம் ஏற்படலாம். வெளியே ஒரு சின்ன வீக்கம் மட்டும் தெரியும். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பெலும்பும் மணிக்கட்டும் அடி வாங்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எலும்பு அடர்த்தி குறைந்திருக்கும். இளைஞர் ஒருவர் தூசியைத் தட்டிவிட்டு எழுந்துபோகிற அதே விழுதல், 70 வயதுக்காரரின் தொடை எலும்பை முறித்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்திவிடும்.

ஓட்டுபவர் செய்ய வேண்டியவை

முதலில் இடம். சரிவு, மணல், சல்லி, சேறு, மழைநீர்க் கால்வாயின் விளிம்பு ஆகிய இடங்களில் ஆளை ஏற்ற வேண்டாம். உங்கள் இரண்டு பாதங்களும் முழுமையாக ஊன்றும்படி சமமான தரை வேண்டும். நான்கு அடி தள்ளிச் சென்றால் நல்ல தரை கிடைக்கும் என்றால், தள்ளிச் செல்லுங்கள்.

ஓட்டுபவர் எப்போதும் முதலில் ஏற வேண்டும், கடைசியில் இறங்க வேண்டும். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் ஆளை உட்கார வைத்துவிட்டு, பிறகு வண்டியைத் தள்ளி ஸ்டாண்டிலிருந்து இறக்குவது தவறு. அந்தக் குலுக்கலிலேயே ஆள் பின்னால் சரிந்துவிடுவார்.

ஏறி உட்கார்ந்ததும் சைடு ஸ்டாண்டை எடுத்துவிடுங்கள். இரண்டு கால்களையும் சற்று அகட்டி ஊன்றுங்கள். கியர் வண்டி என்றால் நியூட்ரலில் இருக்கட்டும். முன் பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். பின்னால் இருக்கும் கால்மிதிகள் மடங்கியிருக்கின்றனவா என்று பார்த்து விரித்துவிடுங்கள். மடங்கிய கால்மிதியைத் தேடிக் காலால் துழாவும்போதுதான் பலரும் நிலை தடுமாறுகிறார்கள்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் இன்னோர் ஆபத்து உண்டு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஏறுபவர் உங்கள் தோளைப் பிடித்து இழுத்தால், உங்கள் உடல் பின்னால் சாயும். ஆக்சிலரேட்டரைப் பிடித்திருக்கும் கை, உடலோடு சேர்ந்து பின்பக்கமாக முறுக்கிக்கொள்ளும். வண்டி ஒரே பாய்ச்சலாக முன்னே போகும். பாதி ஏறிய ஆள் நடுத்தெருவில் கிடப்பார். ஆகவே ஸ்கூட்டரில் ஒருவரை ஏற்றும்போது என்ஜினை நிறுத்திவிடுவதே நல்லது. மீண்டும் ஸ்டார்ட் செய்ய ஒரு நொடிதான் ஆகும்.

ஏறுபவர் செய்ய வேண்டியவை

நம் சாலைகளில் இடப்பக்கமாகச் செல்கிறோம். அதனால் ஏறுவதும் இறங்குவதும் வண்டியின் இடப்பக்கமாகவே இருக்கட்டும். வலப்பக்கம் பின்னால் வரும் வாகனங்களுக்கான பக்கம். பெரும்பாலான பைக்குகளில் சைலன்சரும் வலப்பக்கம்தான் இருக்கிறது.

பேருந்தில் நடத்துநர் விசில் கொடுக்காமல் ஓட்டுநர் வண்டியை எடுப்பதில்லை. இருசக்கர வண்டிக்கும் அதே ஒழுங்கு வேண்டும். "ஏறலாமா?" என்று கேளுங்கள். "ஏறுங்க" என்று பதில் வந்த பிறகு காலை எடுங்கள். உட்கார்ந்து, கால்மிதியில் கால் வைத்து, பிடிமானம் கிடைத்த பிறகு, "உட்கார்ந்துட்டேன், போகலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வார்த்தை வரும்வரை ஓட்டுபவர் வண்டியை நகர்த்தக் கூடாது. வண்டி சற்று அழுந்தியதை வைத்து, ஏறிவிட்டார் என்று கணக்குப் போடுவது பெரிய தவறு.

இருபக்கமும் கால் போட்டு உட்காருபவர், இடக்கையை ஓட்டுபவரின் இடத்தோளில் வைத்து, இடக்காலைத் தரையிலோ கால்மிதியிலோ ஊன்றி, வலக்காலை இருக்கைக்கு மேலாகக் கொண்டுபோக வேண்டும். கால்மிதியில் முழு எடையையும் திடீரென்று போட்டால் வண்டி இடப்பக்கம் சாயும். சொல்லிவிட்டு, நிதானமாக எடையை மாற்றினால் ஓட்டுபவர் தன் இடக்காலில் அதைத் தாங்கிக்கொள்வார்.

கையில் பையோடு ஏறாதீர்கள். வயர்கூடை ஒரு கையில், செல்போன் இன்னொரு கையில் என்று இருந்தால் பிடிப்பதற்குக் கை ஏது? பையை முதலில் ஓட்டுபவரிடம் கொடுங்கள், அல்லது வண்டியின் கொக்கியில் மாட்டுங்கள். ஹேண்டில்பாரில் கனமான பையைத் தொங்கவிட்டால் வண்டி திரும்பும்போது இழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருபக்கமாக உட்காரும்போது

சேலை கட்டிய பெண்கள் பலர் ஒருபக்கமாகத்தான் உட்காருகிறார்கள். இப்படி உட்காரும்போது உடலின் எடை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகுகிறது. முட்டியால் வண்டியை அணைத்துக்கொள்ளவும் வழியில்லை. வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டால், இருபக்கமும் கால் போட்டவரைவிட இவர் எளிதாகத் தூக்கி எறியப்படுவார். முடிந்தவரை, சுடிதார் போன்ற உடைகளில் இருபக்கமும் கால் போட்டு உட்காருவதே நல்லது.

ஒருபக்கமாகத்தான் உட்கார வேண்டும் என்றால், இருக்கையின் விளிம்பில் தொற்றாமல் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி உட்காருங்கள். இரண்டு பாதங்களும் கால்மிதியில் பதியட்டும். ஒரு கை ஓட்டுபவரின் தோளையோ இடுப்பையோ பிடிக்கட்டும். மறு கை இருக்கைக்குப் பின்னால் இருக்கும் கம்பியைப் பிடிக்கட்டும்.

பிடிப்பதில் நம் ஊரில் ஒரு கூச்சம் உண்டு. மாமனாரின் வண்டியிலோ, மைத்துனரின் வண்டியிலோ, முன்பின் தெரியாத பைக் டாக்சி ஓட்டுநரின் வண்டியிலோ போகும் பெண்கள், தொடக் கூடாது என்று இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவே இருக்கிறது பின்னால் உள்ள கம்பி. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின் இருக்கை உள்ள பைக்கில் நிலையான கைப்பிடியும் கால்மிதியும் இருந்தே ஆக வேண்டும் என்கிறது. வண்டி வாங்கியதும் அழகுக்காக அந்தக் கம்பியைக் கழற்றுபவர்கள், பின்னால் உட்காரப்போகும் ஒருவரின் ஒரே பிடிமானத்தைக் கழற்றுகிறார்கள்.

முந்தானையும் துப்பட்டாவும்

அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது: பின்னால் உட்காருபவரின் உடை சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு இருக்க வேண்டும். நாம் சாரி கார்டு என்று சொல்வது இதைத்தான். இதையும் கழற்றக் கூடாது.

அமெரிக்க நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் காரில் சென்றபோது, அவர் கழுத்திலிருந்த நீண்ட துணி சக்கரத்தில் சிக்கியதால் இறந்தார். கழுத்துத் துணி சக்கரத்தில் சிக்கி ஏற்படும் காயங்களுக்கு மருத்துவ நூல்களில் அவர் பெயரே வழங்குகிறது. நம் ஊரில் துப்பட்டாவாலும் முந்தானையாலும் அதே விபத்து நடக்கிறது. சக்கரம் ஒருமுறை சுற்றினாலே துணி இறுகிவிடும். குரல்வளை நசுங்கலாம், கழுத்தெலும்பு முறியலாம், தண்டுவடம் பாதிக்கப்படலாம்.

ஏறுவதற்கு முன் முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகுங்கள். துப்பட்டாவின் இரு முனைகளையும் பின்னால் தொங்கவிடாமல், முன்பக்கம் கொண்டுவந்து இடுப்பில் முடிச்சிடுங்கள். அல்லது கழற்றிப் பைக்குள் வையுங்கள். கழுத்தைச் சுற்றிப் போடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. மழை அங்கி, புர்கா, வேட்டி நுனி எல்லாவற்றுக்கும் இதே கவனம் வேண்டும். துணி சிக்கிவிட்டால் இழுக்காதீர்கள். என்ஜினை நிறுத்தி, துணியை அறுத்துவிடுங்கள். கழுத்து இறுகியவருக்கு வெளியே காயம் இல்லாவிட்டாலும், குரல் கம்மினாலோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அப்பா, அம்மாவை அழைத்துச் செல்லும்போது

காலை நேரத்தில் எந்த அரசு மருத்துவமனை வாசலிலும் இதைப் பார்க்கலாம். சர்க்கரை மாத்திரை வாங்க வந்த அம்மா, ஒரு கையில் நோட்டும் மறு கையில் துணிப்பையுமாக நிற்பார். பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். மகன் என்ஜினை உறுமவிட்டுக்கொண்டே, "சீக்கிரம் ஏறும்மா" என்பார். அம்மா ஒரு முறை எம்பிப் பார்ப்பார், இருக்கை எட்டாது. மறுமுறை எம்பும்போது செருப்பு கழன்றுவிடும். அந்த அம்மாவுக்குத் தேவைப்படுவது அரை நிமிட அவகாசம்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்குத் திண்ணை, படிக்கட்டு, நடைமேடை போன்ற உயரமான இடத்தின் பக்கத்தில் வண்டியை நிறுத்தினால் காலைத் தூக்க வேண்டிய உயரம் குறையும். பைக்கைவிட இருக்கை தாழ்ந்த ஸ்கூட்டர் இவர்களுக்கு நல்லது. வீட்டில் மூன்றாவது ஆள் இருந்தால், ஏறுபவரின் பின்னால் நின்று இடுப்பைத் தாங்கிக்கொள்ளட்டும். அக்குளைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு பாதிக்கப்படும்.

சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கால்மிதியில் கால் பதிந்ததா என்பதே தெரியாது. சைலன்சர் சுட்டாலும் உடனே உறைக்காது. இவர்கள் பின்வார் உள்ள செருப்போ ஷூவோ அணிய வேண்டும். ஏறியதும் ஓட்டுபவர் குனிந்து அவர்களுடைய பாதங்களை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, உட்கார்ந்து எழுந்ததும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். இறங்கியவுடன் நடக்கவிடாமல், இருக்கையைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் நிற்கச் சொல்லுங்கள்.

சிலருக்கு இருசக்கர வண்டியே கூடாது. டயாலிசிஸ் முடிந்து களைத்து வருபவர், மயக்கம் கொடுத்து எண்டோஸ்கோபி செய்துகொண்டவர், அன்றைக்குக் கண் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், பக்கவாதத்தால் ஒரு பக்கம் பலமிழந்தவர் ஆகியோருக்கு ஆட்டோவோ காரோதான் சரி. இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், மருத்துவர் அனுமதி தரும்வரை பைக்கில் ஏறக் கூடாது. காலை அதிகம் மடக்குவதும் திருப்புவதும் புதிய மூட்டை நழுவச் செய்துவிடலாம்.

கர்ப்பிணிகள்

கர்ப்ப காலத்தில் உடலின் எடை முன்பக்கம் கூடுகிறது. மூட்டு இணைப்புகளும் தளர்கின்றன. வழக்கமாகச் சுலபமாக ஏறியவருக்கும் திடீரென்று நிலை தடுமாறும். மாதம் ஏற ஏற இருசக்கர வண்டியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு. மாதாந்திரப் பரிசோதனைக்குப் பேருந்திலோ ஆட்டோவிலோ போக முடியுமா என்று வீட்டார் முதலில் யோசிக்க வேண்டும்.

ஏறும்போதோ இறங்கும்போதோ விழுந்துவிட்டால், வலி இல்லையே என்று சும்மா இருக்கக் கூடாது. வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியும் ஆபத்து உண்டு. ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, வயிறு கல்லாக இறுகுதல், குழந்தையின் அசைவு குறைதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

குழந்தைகள்

கால்மிதி எட்டாத குழந்தையின் கால் தொங்கிக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் கால் உள்ளே போய்ச் சக்கரத்தில் சிக்கினால், குதிகால் தோலும் சதையும் பிய்ந்துவிடும். ஆறுவதற்கு நாளாகும், தோல் ஒட்டும் அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம்.

ஸ்கூட்டரின் முன்பக்கம் குழந்தையை நிற்க வைப்பது நம் தெருக்களில் சாதாரணக் காட்சி. பள்ளி வாசலில் என்ஜினை அணைக்காமல் இறங்கும் பெற்றோரும் உண்டு. குழந்தை விளையாட்டாக ஆக்சிலரேட்டரை முறுக்கினால் வண்டி குழந்தையோடு பாயும். நிறுத்தியதும் என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் குழந்தையைத் தனியே உட்கார வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள்.

நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றிச் செல்லும்போது, ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும் குழந்தைக்கான தலைக்கவசமும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2022-இல் அறிவிக்கப்பட்டு, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி இது.

இறங்கும்போது

ஏறும்போது காட்டும் கவனம் இறங்கும்போது இருப்பதில்லை. ஊர் வந்துவிட்டது என்ற நினைப்பில், வண்டி முழுதாக நிற்பதற்குள் காலை ஊன்றிவிடுகிறோம். வண்டி மெதுவாகத்தான் உருள்கிறது என்றாலும், தரையில் ஊன்றிய கால் நின்றுவிடும், உடல் முன்னே போகும். கணுக்கால் பிசகும், முகம் தரையில் மோதும்.

சிக்னலில் இறங்க வேண்டாம். நின்றிருக்கும் வண்டிகளின் இடப்பக்கச் சந்துக்குள் இன்னொரு பைக் எப்போது நுழையும் என்று சொல்ல முடியாது. ஓட்டுபவர் சாலையின் இடது ஓரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து, இரண்டு கால்களையும் ஊன்றி, பிரேக்கைப் பிடித்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, "இறங்கலாம்" என்று சொல்ல வேண்டும். இறங்குபவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தோளைப் பிடித்தபடி, ஒரு கால் தரையில் நன்றாகப் பதிந்த பிறகே மறு காலை எடுக்க வேண்டும். உடை எங்காவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலகி நிற்க வேண்டும். "இறங்கிட்டேன்" என்ற வார்த்தை வந்த பிறகே வண்டி நகரலாம்.

சைலன்சர் சுட்டுவிட்டால்

வண்டி நின்ற பிறகும் சைலன்சர் பல நிமிடங்கள் சூடாகவே இருக்கும். வலப்பக்கமாக இறங்குபவர்களுக்குக் கெண்டைக்காலின் உள்பக்கத்தில் சூடு படுவது வழக்கம். சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி வைக்காதீர்கள். பற்பசை, பேனா மை, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். அவை சூட்டை உள்ளேயே தக்கவைக்கும், கிருமியையும் சேர்க்கும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். சர்க்கரை நோயாளிக்கும் குழந்தைக்கும் சின்னச் சூடு என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

விழுந்துவிட்டால் என்ன செய்வது?

விழுந்தவரை உடனே கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள். கழுத்து வலி, கை கால் மரத்துப்போதல் இருந்தால் அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். இடுப்பு வலியோடு ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தொடை எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். நிற்கவோ நடக்கவோ வைக்காதீர்கள். அடிபட்டவரை இன்னொரு பைக்கில் நடுவில் உட்கார வைத்துக்கொண்டு போவது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தப் பயணமே அவரை நிரந்தரமாக முடக்கிவிடலாம்.

தலையில் அடிபட்டவர் எழுந்து, பேசி, காபி குடித்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மயங்கி விழுவது உண்டு. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அதிகத் தூக்கம், குழறும் பேச்சு, வலிப்பு, காதிலோ மூக்கிலோ ரத்தம் அல்லது தெளிந்த நீர் ஆகியவை அபாய அறிகுறிகள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதியவர்களுக்கு மெதுவான ரத்தக்கசிவு சில வாரங்கள் கழித்துக்கூட நடைத் தள்ளாட்டமாகவோ மறதியாகவோ வெளிப்படலாம். அப்போது, எப்போதோ வண்டியிலிருந்து விழுந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் இன்னுயிர் காப்போம் திட்டம், தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பணத்தை நினைத்து மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பின்னால் இருப்பவருக்கும் ஒரு தலைக்கவசம்

இந்தியாவில் 2022-இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். தலைக்கவசம் உயிரிழப்பை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோரும், பின்னால் இருப்பவர் உட்பட, தலைக்கவசம் அணிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவும் சொல்கிறது.

ஏறுவதற்கு முன்பே அணிந்து, தாடை வாரை மாட்டிவிடுங்கள். இறங்கிய பிறகே கழற்றுங்கள். வண்டியில் உட்கார்ந்த பிறகு இரண்டு கைகளையும் விட்டுவிட்டு வாரைத் தேடுவது, பிடிமானம் இல்லாமல் உட்காருவதற்குச் சமம். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள, தலைக்குப் பொருந்தும் தலைக்கவசம் ஒன்றை அம்மாவுக்கென்று, மனைவிக்கென்று, பிள்ளைக்கென்று தனியாக வாங்கி வையுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வாசலில் என்ஜினை அணைத்த வண்டியில் வீட்டுப் பெரியவர்களை ஏற்றி இறக்கிப் பழகுங்கள். எந்தக் கை எதைப் பிடிக்கிறது, எந்தக் கால் முதலில் போகிறது, எங்கே வலிக்கிறது என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஏற முடியவில்லை என்று அவர்கள் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்து ஆட்டோ பிடியுங்கள். ஓர் எலும்பு முறிவுக்கு ஆகும் செலவில் ஆயுள் முழுக்க ஆட்டோவில் போகலாம்.